டிவி சத்தம் அப்பா காதுக்கு மட்டும்

கேள்வி: எங்கள் டிவி பழசு, புளூடூத் இல்லை. அப்பாவுக்குக் காது மந்தம், ராத்திரியில் சத்தத்தைக் கூட்டி வைக்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் முறைக்கிறார். ஹெட்போன் மாட்டிவிடலாம் என்று கடையில் ஒரு புளூடூத் டப்பா வாங்கி டிவியில் சொருகினேன். என் போனில் அதன் பெயர் தெரிகிறது, ஹெட்போனோடு மட்டும் சேர மாட்டேன் என்கிறது. (வாசகி, திண்டுக்கல்)

பதில்: போனில் பெயர் தெரிகிறது என்கிறீர்களே, அப்படியென்றால் அது ரிசீவர். போனில் ஓடும் பாட்டைக் காரில் கேட்க ஆக்ஸில் சொருகுவோமே, அந்த வகை. சத்தத்தை வாங்கிக்கொள்ளும், அனுப்பாது. ஹெட்போனும் வாங்குகிற பொருள்தான் என்பதால் இரண்டும் சேரவே சேராது. உங்களுக்கு வேண்டியது சத்தத்தை அனுப்புகிற டிரான்ஸ்மிட்டர். கடைக்கு ஓடுவதற்கு முன் டப்பாவின் பக்கவாட்டைப் பாருங்கள், சிலவற்றில் டிஎக்ஸ் (அனுப்ப), ஆர்எக்ஸ் (வாங்க) என்று குட்டி சுவிட்ச் இருக்கும். இருந்தால் டிஎக்ஸ் பக்கம் தள்ளுங்கள், காசு மிச்சம்.

டிவியின் பின்னால் சிவப்பு வெள்ளை ஓட்டையைப் பார்த்ததும் சொருகிவிடாதீர்கள், பல டிவிகளில் அது டிவிடி பிளேயரை மாட்டுகிற ‘இன்’. ‘ஆடியோ அவுட்’ என்று எழுதியிருக்க வேண்டும். ஹெட்போன் ஓட்டையில் போட்டால் பெரும்பாலும் டிவி ஸ்பீக்கர் ஊமையாகிவிடும், அப்பா கேட்பார், அம்மா வாயசைவைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இருவரும் கேட்க ஆப்டிகல் ஒயர் (சத்தத்தை ஒளியாகக் கொண்டுபோவது) போடும் டிரான்ஸ்மிட்டராக வாங்குங்கள், அதில் பல டிவிகளில் ஸ்பீக்கரும் பேசும். டிவி செட்டிங்கில் டால்பி என்கிற சுருக்கிய ஒலி முறையை மாற்றி, பிசிஎம் என்கிற சுருக்காத முறையை வைக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் டப்பாவில் லைட் எரியும், சத்தம் வராது. ஜோடி சேர்க்கும் நேரத்தில் வீட்டுப் போன்களின் புளூடூத்தை அணைத்துவிடுங்கள், ஹெட்போன் பழக்கதோஷத்தில் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: டிரான்ஸ்மிட்டர் மாட்டியதிலிருந்து வசனம் உதட்டுக்குப் பின்னால் வருகிறது. அதே ஹெட்போனில் போனில் யூடியூப் பார்த்தால் சரியாக இருக்கிறது. ஹெட்போன் கெட்டுவிட்டதா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: கெடவில்லை. எஸ்பிசி என்கிற சாதாரண முறையில் சத்தத்தைச் சுருக்கி அனுப்பி விரிப்பதற்குள் சுமார் 200 மில்லி விநாடி போய்விடும். போனுக்கு அந்தத் தாமதம் தெரியும், அதனால் படத்தையும் அதே அளவு நிறுத்தி ஓட்டுகிறது. டிவிக்கோ பின்னால் ஒரு டப்பா தொங்குவதே தெரியாது. செட்டிங்கில் இருக்கும் ‘ஆடியோ டிலே’யைத் திருகியும் பயனில்லை, அது பெரும்பாலும் சத்தத்தை இன்னும் தாமதப்படுத்தத்தான் செய்யும். ஆப்ட்எக்ஸ் லோ லேட்டன்சி என்று ஒன்று உண்டு, தாமதம் சுமார் 40 மில்லி விநாடிதான், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் டிரான்ஸ்மிட்டர், ஹெட்போன் இரண்டிலும் அது இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் இருந்தால் பழையபடி தாமதம்தான், விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. ஏர்பாட்ஸ் வைத்திருப்பவர்கள் ஆசைப்பட வேண்டாம், அதில் ஆப்ட்எக்ஸே கிடையாது.

கேள்வி: பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவை புளூடூத் ஸ்பீக்கரில் கேட்க முடியுமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: தாராளமாக. இயர்போன் ஓட்டையில் டிரான்ஸ்மிட்டரைச் சொருகி, ரேடியோ வால்யூமைப் பாதிக்கு வையுங்கள், முழுக்கத் திருகினால் கரகரக்கும். ஓட்டை மோனோவாக (ஒரே ஒலித் தடம்) இருந்தால் ஒரு பக்கம்தான் கேட்கும், மோனோ-ஸ்டீரியோ கன்வெர்ட்டர் பின் ஒன்று போட்டால் சரி. டிரான்ஸ்மிட்டரைச் சார்ஜரில் வைத்துக்கொண்டே ரேடியோ கேட்காதீர்கள், மலிவு சார்ஜரின் இரைச்சல் மீடியம் வேவில் நன்றாகவே ஏறும்.