விமானம் நிரம்பினால் பங்கு ஏறுமா?

கேள்வி: பலாலியிலிருந்து சென்னைக்கு அடிக்கடி போய் வருகிறேன். எப்போது ஏறினாலும் விமானம் நிறைந்துதான் இருக்கிறது. ரொறன்ரோவில் இருக்கும் என் மருமகன் எயர் கனடா பங்கு வைத்திருக்கிறார். "மாமா, கொரோனா முடிஞ்சு சனம் இப்ப பறந்து திரியுது, உங்களுக்கும் வாங்கி விடுறன்" என்கிறார். 15 இலட்சம் ரூபா நிலையான வைப்பு இந்த மாதம் முதிர்கிறது. போடலாமா? கொழும்புக்கு இரவு பஸ் விடுகிறவர்கள், பஸ் நிரம்பி ஓடினால் அடுத்த பஸ்சையும் எடுத்துவிடுகிறார்கள். விமானமும் அப்படித்தானே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கொக்குவில்

பதில்: அந்த 15 இலட்சம் வட்டியில் சீவிக்க வைத்த காசு என்றால் வேண்டாம். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் பஸ் கணக்கில்தான் பலரும் வழுக்குகிறார்கள்.

விமானம் நிரம்புவதும் முதலாளி உழைப்பதும் வேறு வேறு சங்கதி. உலக விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா 2025ஆம் ஆண்டுக்குப் போட்ட கணக்கில், ஒரு பயணிக்குக் கிடைக்கும் நிகர இலாபம் ஏறத்தாழ 7 அமெரிக்க டொலர். நூறு ரூபா வருமானத்தில் நாலு ரூபாகூட மிஞ்சவில்லை. அதுவும் விமானங்கள் நிரம்பி வழிந்த நல்ல வருடத்தில்! செலவில் கால்வாசிக்கும் கூடுதலாக எரிபொருளுக்கே போகிறது. மிச்சத்தில் விமானத்தை வாடகைக்கு விட்டவர், இயந்திரம் பழுதுபார்ப்பவர், விமான நிலையம் என்று ஆளுக்கொரு பங்கு எடுக்கிறார்கள். பங்குதாரர் வரிசையில் கடைசி ஆள். எண்ணெய் விலை ஏறினாலோ, ஒரு தொற்று வந்தாலோ, முதலில் காய்வதும் அவர்தான்.

அமெரிக்காவின் பெரும் முதலீட்டாளர் வாரன் பஃபெட் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். விமானப் பங்குகளைப் பற்றிப் பல வருடம் கேலி பேசியவர், 2016இல் அமெரிக்காவின் நான்கு பெரிய நிறுவனங்களிலும் பங்கு வாங்கினார். 2020இல் கொரோனா வந்ததும் அத்தனையையும் நட்டத்துக்கு விற்றுவிட்டு வெளியேறினார். மருமகனின் எயர் கனடாவும் 2003இல் கடன் கொடுத்தவர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போன நிறுவனம். அடுத்த வருடம் அது மீண்டு வந்தது, ஆனால் பழைய பங்குதாரர்கள் கையில் மிஞ்சியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. விமானங்கள் தொடர்ந்து பறந்தன, பெயரும் மாறவில்லை, பங்கு வைத்திருந்தவர்கள் மட்டும் காணாமல் போனார்கள்.

இதே எயர் கனடாவில் இன்னொரு விசயம் இருக்கிறது, எனக்கு அதுதான் சுவாரசியம். அடிக்கடி பறப்பவர்களுக்குப் புள்ளி கொடுக்கும் 'ஏரோபிளான்' திட்டத்தை 2005இல் தனி நிறுவனமாகப் பங்குச் சந்தையில் இறக்கினார்கள். பிறகு, அதைக் கைவிட்டது பிழை என்று கண்டு, 2019இல் 45 கோடி கனேடிய டொலர் கொடுத்துத் திருப்பி வாங்கினார்கள். காரணம் கடனட்டை. வங்கிகள் தங்கள் வாடிக்கையாளருக்குக் கொடுப்பதற்காக இந்தப் புள்ளிகளை விமான நிறுவனத்திடம் காசு கொடுத்து வாங்குகின்றன. ரொறன்ரோவில் உங்கள் மருமகன் அரிசியும் கறிச்சாமானும் அந்த அட்டையில் வாங்கும்போதுகூட எயர் கனடாவுக்குக் காசு போகிறது, அவர் எங்கும் பறக்கத் தேவையில்லை. அமெரிக்காவின் டெல்டா விமான நிறுவனத்துக்கு அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் அட்டை மூலம் மட்டும் வருடத்துக்கு 700 கோடி டொலருக்கு மேல் வருகிறது.

ஆக, தொழிலே மாறிவிட்டது. முன்பு இருக்கை விற்றார்கள். இப்போது இருக்கையை மலிவாகக் காட்டி, பொதிக்கும், ஜன்னலோரத்துக்கும், முன்வரிசைக்கும், கடனட்டைக்கும் தனித்தனியாக வாங்குகிறார்கள். பொதிக்குக் காசில்லை என்பதையே விளம்பரமாக வைத்திருந்த அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனம்கூட 2025 மே மாதம் அதைக் கைவிட்டது. மலிவு ஒன்றையே நம்பிய, அங்குள்ள ஸ்பிரிட் நிறுவனம் 2024 நவம்பரிலும் 2025 ஓகஸ்ட்டிலும் இரண்டு தடவை திவால் பாதுகாப்புக் கோரியது. அதுவும் சனம் ஏறாத விமானங்களை ஓட்டிய நிறுவனம் இல்லை.

இதற்கு விதிவிலக்காக எல்லோரும் காட்டுவது இந்தியாவின் இண்டிகோவை. நீங்கள் பலாலியில் ஏறும் நிறுவனமாகவும் இருக்கலாம். 2015இல் 765 இந்திய ரூபாவுக்குச் சந்தைக்கு வந்த பங்கு பிறகு பல மடங்கு ஏறியது உண்மை. ஆனால் அது ஏறிய வழியைப் பாருங்கள்: நூற்றுக்கணக்கில் ஒரே ரக விமானங்களைக் கழிவு விலைக்குக் கேட்டு வாங்கி, கைக்கு வந்ததும் குத்தகை நிறுவனத்துக்கு விற்று, அதையே வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். போட்டியாளர்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். கிங்ஃபிஷர் 2012இல், ஜெட் எயார்வேஸ் 2019இல், கோ ஃபர்ஸ்ட் 2023இல். விழுந்தவர்களின் விமானங்களிலும் இருக்கைகள் நிரம்பித்தான் இருந்தன. அந்த இண்டிகோவே 2025 டிசம்பரில், விமானிகளின் ஓய்வு விதி மாறியபோது ஆள் போதாமல், சில நாட்களுக்குள் ஆயிரக்கணக்கான சேவைகளை இரத்துச் செய்தது.

நம் சிறீலங்கன் எயார்லைன்ஸ் கொழும்புப் பங்குச் சந்தையில் இல்லை. கவலை வேண்டாம், அதன் நட்டத்தில் வரி கட்டும் நாம் எல்லோரும் ஏற்கெனவே பங்காளிகள்தான்.

2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போனதைப் பார்த்த பிறகு, வெளிநாட்டுக் காசில் கொஞ்சம் வைத்திருக்க ஆசை வருவது நியாயம். அந்த ஆசைக்கு விமானப் பங்குதான் வேண்டும் என்றில்லை. அப்புறம், காசு எப்படிப் போகும் என்பதையும் யோசியுங்கள். இங்கே வசிப்பவர் வெளிநாட்டில் முதலிடுவது 2017ஆம் ஆண்டின் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்துக்கு உட்பட்டது. விதிகளும் வரம்புகளும் மாறிக்கொண்டே இருப்பதால் உங்கள் வங்கியில் நேரே கேளுங்கள். வங்கி வழியாக இல்லாமல் உண்டியலில் அனுப்பி மருமகன் பெயரில் வாங்கினால், சட்டப்படி அது அவருடைய பங்கு. நாளைக்கு அவருக்கு ஒன்று ஆனால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? நல்ல பிள்ளையாகவே இருக்கட்டும், அவருக்கும் மனைவி மக்கள் இருக்கிறார்கள்.

அவர் தன் காசில் வைத்திருப்பது அவர் விருப்பம். வருட அறிக்கையில் கடன் எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு, புள்ளித் திட்டத்தில் எவ்வளவு வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். இருக்கை நிரம்பிய வீதத்தைக் கடைசியாகப் பார்த்தால் போதும்.

கேள்வி: பலாலி–சென்னை ஒன்றேகால் மணி நேரப் பயணம். சில நாட்களில் கட்டுநாயக்காவிலிருந்து போவதைவிடக் கட்டணம் கூடவாக இருக்கிறதே, ஏன்?
– இல்லத்தரசி, சாவகச்சேரி

பதில்: பலாலி ஓடுபாதை நீளம் குறைந்தது. அதனால் 70 முதல் 78 பேர் ஏறும் ஏடிஆர் 72 என்ற சிறிய விமானங்கள்தான் இங்கே வருகின்றன. தரையிறங்கும் கட்டணம், ஊழியர் சம்பளம் எல்லாவற்றையும் அந்தச் சிறு எண்ணிக்கைதான் பகிர வேண்டும். வரிகளும் தூரத்தைப் பார்த்துக் குறைவதில்லை. கட்டுநாயக்காவிலோ பெரிய ஜெட் விமானங்கள், பல நிறுவனங்கள். இங்கே 2022 டிசம்பரில் அலையன்ஸ் எயார் மீண்டும் வந்த பிறகு, 2024 செப்டம்பரில் இண்டிகோ வரும்வரை போட்டியே இல்லை. 2025 மார்ச் கடைசியில் திருச்சிச் சேவையும் தொடங்கியதால், கோயில், ஆஸ்பத்திரி வேலையாகத் தெற்கே போகிறவர்கள் அதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஒப்பிடும்போது இருக்கைக் கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். கொழும்புக்கு இரவு பஸ், கட்டுநாயக்காவுக்கு வாகனம், விடிய விடியக் காத்திருப்பு, எல்லாவற்றையும் கூட்டுங்கள். கலியாணத்துக்குக் கூறைச்சேலை எடுக்கப் போகிறீர்கள் என்றால், திரும்பி வரும் பொதியின் எடையையும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், கவுண்டரில் கட்டினால் கூடத்தான் வரும். நல்லூர்த் திருவிழாக் காலத்துக்கு ரிக்கற் தேவையென்றால் கடைசி வாரத்துக்கு விடவே கூடாது.

கேள்வி: சென்னையிலிருந்து திரும்பும் பயணத்தை இரத்துச் செய்தேன். "இது காசு திரும்பாத ரிக்கற், ஒரு சதமும் வராது" என்று முகவர் சொல்கிறார். சரியா?
– மாணவர், திருநெல்வேலி

பதில்: முழுக்கச் சரியில்லை. கட்டணம் திரும்பாமல் போகலாம். ஆனால் இந்திய விமானப் போக்குவரத்துத் துறையின் விதிப்படி, பயணம் செய்யாதபோது சட்டப்படியான வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் இந்திய நிறுவனம் திருப்பித் தரவேண்டும், சலுகை விலை ரிக்கற்றுக்கும் இது பொருந்தும். முகவர் மூலம் வாங்கினாலும் பொறுப்பு நிறுவனத்துக்கே. ரிக்கற்றில் கட்டணமும் வரியும் தனித்தனியாகக் காட்டப்பட்டிருக்கும். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, பதிவு எண்ணுடன் நிறுவனத்துக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். முகவருக்கும் பிரதி போடுங்கள், அப்போதுதான் காசு வந்துவிட்டதா என்று அவரிடம் கேட்க உங்களிடம் எழுத்தில் ஒன்று இருக்கும்.