ரோல் பிளேயரை அணியால் தக்கவைக்க முடியுமா? என்பிஏ சம்பளக் கணக்கு: கேள்வி பதில்

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ பற்றி வந்த கேள்விகளில் சம்பள விதி சம்பந்தப்பட்டவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நட்சத்திர ஆட்டக்காரர்களைப் பற்றிய கேள்விகள் இதில் இல்லை. அவர்களுக்கு எந்த அணியும் எப்படியாவது பணம் ஒதுக்கிவிடும். ஆறாவது, ஏழாவது ஆளாக இறங்கி எதிரணியின் முக்கிய ஆளை மடக்குகிறவர், மூலையில் நின்று மூன்று புள்ளி போடுகிறவர், இவர்களைப் போன்ற ரோல் பிளேயர்களைத்தான் ஒவ்வொரு கோடையிலும் அணிகள் இழக்கின்றன.

கேள்வி: எங்கள் அணி சாலரி கேப்பை (அணியின் மொத்தச் சம்பளத்துக்கான வரம்பு) தாண்டிவிட்டது. அப்படியிருந்தும் சொந்த ஆட்டக்காரருக்குப் புது ஒப்பந்தம் கொடுக்கிறார்களே, எப்படி?

என்பிஏவில் கேப்பைத் தாண்டலாம். தாண்டிய பிறகு வெளியாட்களை எடுப்பதுதான் கஷ்டம். சொந்த ஆட்களுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு, பழைய பாஸ்டன் நட்சத்திரம் லாரி பேர்ட் பெயரால் அதை பேர்ட் உரிமை என்கிறார்கள். அதில் மூன்று நிலை.

ஆட்டக்காரர் ஃப்ரீ ஏஜென்டாக (ஒப்பந்தம் முடிந்து எந்த அணியிலும் சேரக்கூடியவர்) அணி மாறாமல் மூன்று சீசன் முடித்திருந்தால் முழு பேர்ட் உரிமை. அணி அவருடைய அதிகபட்ச சம்பளம் வரை கொடுக்கலாம், ஐந்து ஆண்டு வரை. இரண்டு சீசன் என்றால் ஏர்லி பேர்ட்: பழைய சம்பளத்தில் 175 சதவீதம், அல்லது லீக் சராசரிச் சம்பளத்தில் 105 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது. ஒரே சீசன் என்றால் நான்-பேர்ட்: பொதுவாகப் பழைய சம்பளத்தில் 120 சதவீதம், அவ்வளவுதான்.

2025-26 சீசனுக்கு கேப் 154.6 மில்லியன் டாலர். லக்சுரி டாக்ஸ் கோடு (மொத்தச் சம்பளம் இதைத் தாண்டினால் அணி வரி கட்ட வேண்டும்) 187.9, அதற்கும் மேலே, தாண்டினால் கட்டுப்பாடுகள் வரும் இரண்டு எல்லைகள்: முதல் ஏப்ரன் 195.9, இரண்டாம் ஏப்ரன் 207.8 மில்லியன். இனி வரும் பதில்களுக்கு இந்த எண்கள் தேவைப்படும்.

யாரைப் பற்றிக் கேட்டாலும் முதலில் அணியிடம் எந்த உரிமை இருக்கிறது என்று பாருங்கள். அதற்கு அப்புறம்தான் அவர் ஆட்டம், அவர் கேட்கும் தொகை எல்லாம்.

கேள்வி: டிரேடில் (அணிகளுக்கு இடையே ஆள் மாற்றம்) வந்தவருக்கு இந்த மூன்று ஆண்டு கணக்கு புதிதாகத் தொடங்குமா?

தொடங்காது. டிரேடில் உரிமை கூடவே வரும். ஒரு விலக்கு உண்டு. ஓராண்டு ஒப்பந்தத்தில் ஆடி, அது முடிந்ததும் பேர்ட் அல்லது ஏர்லி பேர்ட் நிலை பெறப் போகிறவரை டிரேட் செய்தால் அந்த உரிமை போய்விடும். அதனால்தான் அப்படிப்பட்ட டிரேடை மறுக்கும் அதிகாரம் அவருக்குத் தரப்பட்டிருக்கிறது.

கேள்வி: 2024-இல் நியூயார்க் நிக்ஸ் அணி ஹார்ட்டென்ஸ்டைனை விட்டது ஏன்? அணியும் வைத்துக்கொள்ள விரும்பியது, ரசிகர்களும் கொண்டாடினார்கள். பணத்தை நீட்டியிருக்கலாமே?

நீட்ட முடியாது என்பதுதான் விஷயம். ஐசயா ஹார்ட்டென்ஸ்டைன் 2022-இல் நிக்ஸில் சேர்ந்தது இரண்டு ஆண்டு, 16 மில்லியன் ஒப்பந்தத்தில். இரண்டு சீசன் முடிந்ததும் அணியிடம் இருந்தது ஏர்லி பேர்ட் மட்டும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் நான்கு ஆண்டுக்குச் சுமார் 72.5 மில்லியன், அதற்கு மேல் விதி விடாது. கேப் இடம் வைத்திருந்த ஓக்லஹோமா சிட்டி தண்டர் மூன்று ஆண்டுக்கு 87 மில்லியன் கொடுத்தது. ஆண்டுக்கு 18 எங்கே, 29 எங்கே?

உரிமையாளரின் பணப்பைக்கு இதில் வேலையே இல்லை. 2022-லேயே மூன்று ஆண்டு ஒப்பந்தம் போட்டிருந்தால் முழு பேர்ட் உரிமை கிடைத்திருக்கும். அப்போது அவர் மாற்று சென்டராக வந்தவர், இவ்வளவு வளர்வார் என்று சந்தையில் யாரும் விலை போடவில்லை. ரோல் பிளேயருக்கு முதல் ஒப்பந்தம் போடும்போது ஆண்டுக்கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

கேள்வி: அப்படியென்றால் 2023-இல் சாம்பியன் ஆன டென்வர், புரூஸ் பிரவுனை ஏன் விட்டது?

மேலே சொன்ன அதே காரணம்தான், நிலை மட்டும் இன்னும் மோசம். ஒரே சீசன், நான்-பேர்ட். அவர் வாங்கிய சுமார் 6.5 மில்லியனில் 120 சதவீதம் என்றால் 7.8. இந்தியானா இரண்டு ஆண்டுக்கு 45 மில்லியன் கொடுத்தது.

கேள்வி: எங்கள் ஆள் இப்போது 8 மில்லியன் வாங்குகிறார், 18 கேட்கிறாராம். முடியுமா?

எத்தனை சீசன் ஆடியிருக்கிறார் என்று எழுதவில்லையே நண்பரே. முழு பேர்ட் என்றால் முடியும். ஏர்லி பேர்ட் என்றால் 14, 15 வாக்கில் நின்றுவிடும். நான்-பேர்ட் என்றால் 9.6.

கேள்வி: டாக்ஸ் கட்டும் அணிக்கு 12 மில்லியன் ஆட்டக்காரர் உண்மையில் எவ்வளவு செலவு வைப்பார்?

நல்ல கேள்வி. 2025-26 முதல் புது விகிதம். கோட்டுக்கு மேலே சுமார் 5.7 மில்லியன் கொண்ட படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் படியில் ஒரு டாலருக்கு 1 டாலர், இரண்டாவதில் 1.25, மூன்றாவதில் 3.50, நான்காவதில் 4.75 டாலர் டாக்ஸ்.

அவர் இல்லாமல் அணி சரியாகக் கோட்டில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 12 மில்லியனுக்கு எடுத்தால் டாக்ஸ் சுமார் 15 மில்லியன், மொத்தம் 27. முந்தைய நான்கு சீசனில் மூன்றில் டாக்ஸ் கட்டிய அணியாக இருந்தால் விகிதம் 3 டாலரில் தொடங்கும். டாக்ஸ் மட்டும் 39, மொத்தம் 51.

இப்போது முதல் வகை அணியையே கோட்டுக்கு மேல் இரண்டு படி ஏற்றி வையுங்கள். அதே 12 மில்லியனுக்கு டாக்ஸ் சுமார் 50, மொத்தம் 62 மில்லியன். மூன்று புள்ளி போடும் ஒரு மாற்று ஆட்டக்காரருக்கு! தவிர, அவரைச் சேர்த்ததும் அணியின் மொத்தச் சம்பளம் சுமார் 211 மில்லியன் ஆகி இரண்டாம் ஏப்ரனையும் தாண்டிவிடும்.

சீசனின் கடைசி நாள் கணக்கை வைத்துத்தான் டாக்ஸ் போடுகிறார்கள். பிப்ரவரி டிரேட் கெடுவுக்குள் சம்பளத்தைக் கழற்றிவிடப் பல அணிகள் ஓடுவது அதற்காகத்தான்.

கேள்வி: ஏப்ரன், டாக்ஸ் எல்லாம் சாக்கு சார். உரிமையாளர்கள் பெரும் பணக்காரர்கள். டென்வர் 2024-இல் கால்டுவெல்-போப்பை விட்டது சுத்தக் கஞ்சத்தனம்.

பாதி ஒப்புக்கொள்கிறேன். கென்டேவியஸ் கால்டுவெல்-போப்புக்கு டென்வரிடம் முழு பேர்ட் உரிமை இருந்தது. ஆர்லாண்டோ கொடுத்த மூன்று ஆண்டு, 66 மில்லியனை டென்வரும் கொடுத்திருக்கலாம், விதி தடுக்கவில்லை. ஹார்ட்டென்ஸ்டைன் கதையோடு இதைச் சேர்க்காதீர்கள்.

ஆனால் கொடுத்திருந்தால் இரண்டாம் ஏப்ரனுக்கு மேலே போயிருப்பார்கள். அங்கே போன அணி டிரேடில் இரண்டு பேர் சம்பளத்தைச் சேர்த்து ஒருவரை வாங்க முடியாது, பணம் அனுப்ப முடியாது, டாக்ஸ் அணிகளுக்கான மிட்-லெவல் விதிவிலக்கும் (கேப்பைத் தாண்டிய பிறகும் வெளியாளை எடுக்க விடும் சிறு தொகை) கிடையாது. ஏழு ஆண்டு தள்ளி இருக்கும் முதல் சுற்று டிராஃப்ட் பிக்கை (புது ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) டிரேட் செய்ய முடியாதபடி உறைய வைத்துவிடுவார்கள். இதையெல்லாம் பணத்தால் தீர்க்க முடியாது.

உண்மையான கஞ்சத்தனத்துக்கு உதாரணம் வேண்டுமென்றால் 2021 லேக்கர்ஸைப் பாருங்கள். அலெக்ஸ் கருசோவின் பேர்ட் உரிமை கையில் இருந்தது, இரண்டாம் ஏப்ரன் என்ற ஒன்றே அப்போது இல்லை. சிகாகோ நான்கு ஆண்டுக்கு 37 மில்லியன் கொடுத்தது. டாக்ஸைப் பார்த்துத் தயங்கி லேக்கர்ஸ் விட்டுவிட்டது.

கேள்வி: ஆனால் போப் ஆர்லாண்டோவில் சரிந்தார், ஒரே ஆண்டில் மெம்பிஸுக்கு அனுப்பிவிட்டார்கள். டென்வர் செய்தது சரி என்றுதானே ஆகிறது?

இதையே வேறு வேறு சொற்களில் பலர் கேட்டிருப்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

கேப்புக்கு மேலே இருக்கும் அணி ஒருவரை விட்டால் அவருடைய சம்பளம் கைக்கு வராது. 22 மில்லியன் ஆளை விட்ட டென்வரால் இன்னொரு 22 மில்லியன் ஆளைச் சந்தையில் எடுக்க முடியவில்லை. கையில் இருந்தது சுமார் 5 மில்லியன் மிட்-லெவல். அதில் டாரியோ சாரிச்சை எடுத்தார்கள், அவர் ஆடியதே குறைவு. ஆகவே “அவர் அந்தச் சம்பளத்துக்குத் தகுதியா” என்று கேட்டால் போதாது. “அவர் போனால் அந்த இடத்தில் யார்” என்று கேட்க வேண்டும்.

டென்வரிடம் அதற்கு ஒரு பதில் இருந்தது: கிறிஸ்டியன் பிரவுன், சுமார் 3 மில்லியன் சம்பளத்தில். அவர் 2024-25-இல் ஆட்டத்துக்கு 15.4 புள்ளி எடுத்தார். முதல் ஐவரில் ஓட்டை விழவில்லை. ஓட்டை விழுந்தது பெஞ்சில், கிறிஸ்டியன் பிரவுன் காலி செய்த இடத்தில்.

2025 மே மாதம் தண்டருக்கு எதிரான தொடரின் ஏழாவது ஆட்டத்தில் டென்வர் 93-125 என்று தோற்றதை நினைத்துப் பாருங்கள். அன்று டென்வரின் நட்சத்திர சென்டர் யோகிச்சை மறிக்க நின்றது யார்? அவரைவிட அரை அடி குள்ளமான, அப்போது தண்டரில் இருந்த அதே கருசோ. முன்னால் நின்று பந்து கைக்கு வரும் முன்பே தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். தண்டர் 2024 டிசம்பரிலேயே அவருக்கு நான்கு ஆண்டு, 81 மில்லியன் நீட்டிப்பு கொடுத்திருந்தது.

எனவே என் கருத்து: போப்பை விட்டது தாங்கக்கூடிய முடிவு, அவர் விட்ட இடத்துக்குப் பின்னால் ஆள் சேர்க்காததுதான் தவறு. ஆர்லாண்டோவில் அவர் எப்படி ஆடினார் என்பதை வைத்து டென்வருக்கு மதிப்பெண் போட வேண்டாம்.

கேள்வி: டென்வர் பயிற்சியாளர் அந்த ஆண்டு பெஞ்சைப் பயன்படுத்திய விதம் பற்றி?

ஆட்ட உத்தி தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: முன்கூட்டியே திட்டமிட்ட அணி ஏதாவது உண்டா?

மறுபடியும் தண்டர்தான். 2024 ஜூனில் ஐசயா ஜோ, ஆரன் விகின்ஸ் இருவருக்கும் சுமார் 2 மில்லியனில் இன்னும் ஓராண்டு அணி விருப்பம் (ஒப்பந்தத்தைத் தொடரலாமா என்று அணியே முடிவு செய்யும் ஆண்டு) பாக்கி இருந்தது. அதைப் பயன்படுத்தாமல் விட்டு, ஜோவுக்கு நான்கு ஆண்டு, சுமார் 48 மில்லியன், விகின்ஸுக்கு ஐந்து ஆண்டு, சுமார் 47 மில்லியன் கொடுத்தார்கள். இரண்டுமே ஆண்டுக்கு ஆண்டு குறையும் ஒப்பந்தங்கள். கேப் உயர உயர இவர்கள் சம்பளம் இறங்கும், இளம் நட்சத்திரங்களின் பெரிய ஒப்பந்தங்கள் தொடங்கும் நேரத்தில் சுமை குறைவாக இருக்கும். அதே கோடையில்தான் ஹார்ட்டென்ஸ்டைனையும் எடுத்தார்கள், மூன்றாம் ஆண்டை அணி விருப்பமாக வைத்து. 2025-இல் கோப்பை.

கேள்வி: எங்கள் அணியின் ஏழாவது ஆள் 6 மில்லியன் வாங்குகிறார், 12 கேட்கிறார்...

எந்த உரிமை? 8 மில்லியன் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: வைத்துக்கொள்ள முடியாது என்று தெரிந்தால் சைன் அண்ட் டிரேட் செய்து (ஒப்பந்தம் போட்டு உடனே வேறு அணிக்கு அனுப்பி) ஏதாவது வாங்கலாமே?

வாங்கலாம், பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். 2025-இல் மினசோட்டா நாஸ் ரீடுக்கு ஐந்து ஆண்டு, 125 மில்லியன், ஜூலியஸ் ரேண்டலுக்கு மூன்று ஆண்டு, 100 மில்லியன் கொடுத்தபின் நிக்கில் அலெக்சாண்டர்-வாக்கருக்கு இடமில்லை. அட்லாண்டாவுக்கு இந்த வழியில் அனுப்பினார்கள், நான்கு ஆண்டு, 62 மில்லியன். முதல் சுற்று பிக் எதுவும் திரும்பி வரவில்லை. சைன் அண்ட் டிரேடில் ஆள் வாங்கும் அணி அந்த சீசன் முழுக்க முதல் ஏப்ரனைத் தாண்டக் கூடாது. அதனால் வாங்க முடிகிற அணிகளே சில, பேரம் பேசும் பலம் அவர்களிடம்தான்.