தெரு ஆயாவுக்கு அரசு விருது கிடைக்குமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்கள் தெருவில் ஓர் ஆயா, அதாவது பாட்டி, இருக்கிறார். வாடகை பாக்கிக்காகப் பக்கத்து வீட்டைக் காலிசெய்ய ஆட்கள் வந்த அன்று வாசலை மறித்து உட்கார்ந்துவிட்டார். எங்கள் தமிழ்ச் சங்கம் அவருக்கு அரசு விருது கேட்க விரும்புகிறது. எப்படிக் கேட்பது?"

முதலில் ஆயாவின் சம்மதத்தைக் கேளுங்கள். அந்த நாளை மறுபடி பேச எல்லோருக்கும் மனம் வராது.

சரி, அவர் சம்மதித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பார்க்க வேண்டியது தென்னாப்பிரிக்க அரசின் லூத்துலி விருது (Order of Luthuli). ஜனநாயகம், மனித உரிமை, நீதி, அமைதி இவற்றுக்காக உழைத்த தென்னாப்பிரிக்கர்களுக்குத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என மூன்று நிலைகளில் தருகிறார்கள். பொதுமக்கள் யாரும் பரிந்துரைக்கலாம். படிவம் ஜனாதிபதி அலுவலகத்தில் கிடைக்கும். ஆலோசனைக் குழு பரிசீலித்த பிறகு ஜனாதிபதி வழங்குவார். மறைந்தவர்களுக்கும் உண்டு.

பரிந்துரைக் கடிதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். 'தியாகச் சுடர்', 'வீரத்தாய்' என்று பக்கம் பக்கமாக எழுதுவதால் பயனில்லை. அன்று என்ன நேரம், எத்தனை பேர் வந்தார்கள், ஆயா எங்கே உட்கார்ந்தார், என்ன சொன்னார், அந்தக் குடும்பம் இப்போது எங்கே இருக்கிறது என்பதை எழுதுங்கள். கண்ணால் பார்த்த இரண்டு பேரிடம் கையெழுத்தோடு வாக்குமூலம் வாங்குங்கள். பழைய பத்திரிகைத் துண்டு கிடைத்தால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆயாவின் சொல்லை அவர் வாயாலேயே பதிவுசெய்யுங்கள். இதை நான் மன்றாடிக் கேட்கிறேன். தென்னாப்பிரிக்காவில் காந்தி நடத்திய சத்தியாகிரகத்தில் சிறைசென்ற தமிழ்ப்பெண் தில்லையாடி வள்ளியம்மை, சிறையிலிருந்து காய்ச்சலோடு வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்தாள். படுக்கையில் கிடந்தவளிடம், சிறைக்குப் போனதற்கு வருந்துகிறாயா என்று காந்தி கேட்டார். இப்போது பிடித்தாலும் போவேன் என்றாள். காந்தி அதை எழுதிவைத்ததால்தான் அவள் குரல் நம்மிடம் இருக்கிறது.

ஒரு மதியம் ஆயாவின் அடுப்படியில் போனில் பதிவை ஓடவிட்டு அவரைப் பேசச் சொல்லுங்கள். தமிழும் ஆங்கிலமும் கலந்து வந்தால் திருத்தாதீர்கள்.

அரசு முடிவெடுக்க நாளாகும், கிடைக்காமலும் போகலாம். அதற்காகச் சங்கம் காத்திருக்க வேண்டாம். மார்ச் 21 மனித உரிமை நாள். 1960இல் ஷார்ப்வில்லில் நிறவெறி அரசின் சட்டத்தை எதிர்த்துக் கூடியவர்களில் 69 பேர் போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்ட நாள். அன்று ஆயாவுக்குப் பொன்னாடை போர்த்துங்கள். அவர் காத்த குடும்பத்தையும் கூப்பிடுங்கள், அவர்களே போர்த்தட்டும். அப்புறம், பதிவின் ஒரு பிரதியை குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி–லூத்துலி ஆவண மையம் வாங்கிக்கொள்ளுமா என்று விசாரியுங்கள். இன்னொன்று ஆயாவின் பேரப்பிள்ளைகளிடம் இருக்கட்டும்.