கணக்காளர் கொத்துக்கரண்டி பிடிக்கலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்து உச்சிப்புளி. சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். அப்பா கொத்தனார். இப்போது முட்டி தேய்ந்து வீட்டில் இருக்கிறார். பள்ளி விடுமுறைகளில் அவரோடு வேலைக்குப் போயிருக்கிறேன். கரண்டி பிடிக்கத் தெரியும், குழாய் வேலையும் ஓரளவு வரும்.

ஊருக்கு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர், வீடு ஒழுகுகிறது, ஆள் கிடைக்கவில்லை என்கிறார். வேலையை விட்டுவிட்டு அங்கேயே வீட்டுப் பழுது பார்க்கும் தொழில் தொடங்கலாம் என்று இருக்கிறேன். இனி யார் முன்னாலும் கைகட்டி நிற்க வேண்டாம் என்று தோன்றுகிறது. எட்டு மாதச் செலவுக்குப் பணம் வைத்திருக்கிறேன். மனைவி "உங்கள் இஷ்டம்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள். அம்மாதான், "வெயிலில் நிற்கக் கூடாது என்றுதானே உன்னைப் படிக்க வைத்தார்" என்று அழுகிறார்.

இது துணிச்சலா, அசட்டுத்தனமா? சொந்தக்காரர்கள் நிறைந்த ஊரில் கூலியை எப்படிக் கேட்பது?

(பெயரை வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள நண்பருக்கு,

துணிச்சலா அசட்டுத்தனமா என்பதை இரண்டு மழைக்காலம் போன பிறகு ஊரே சொல்லிவிடும். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது வேறு. கரண்டி தெரியும், குழாய் தெரியும் என்று எழுதிய நீங்கள், பதினோரு ஆண்டுக் கணக்கு வேலையைக் கழற்றிப் போட வேண்டிய சட்டையாகத்தான் பார்க்கிறீர்கள். நான் பார்த்தவரையில் இந்தக் கடற்கரையில் கொத்தனார்கள் இருக்கிறார்கள், பிளம்பர்களும் இருக்கிறார்கள். சொன்ன நாளில் வருகிறவர், வர முடியாவிட்டால் முந்தின நாளே தகவல் சொல்கிறவர், எதைச் செய்தேன் எதைச் செய்யவில்லை என்று தாளில் எழுதிக் கொடுக்கிறவர்தான் இல்லை. அந்த ஆளாக உங்களால் வர முடியும். கரண்டியை மட்டும் நம்பி வந்தால் பத்தோடு பதினொன்றாகிவிடுவீர்கள்.

அப்பாவிடம் கற்றதற்கு மேலும் கற்க வேண்டியிருக்கிறது. அவர் கட்டியவை புது வீடுகள். நீங்கள் பார்க்கப்போவது இருபது, முப்பது ஆண்டுகள் உப்புக்காற்று வாங்கிய வீடுகளை. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியில் இருக்கிறது. உலோக அரிப்பை ஆராய மண்டபம் ஊரில் தனியாக ஓர் இடம் வைத்திருப்பது இந்தக் காற்றுக்காகத்தான். பாம்பனில் 1914இல் திறந்த ரயில் பாலம் தன் காலம் முழுவதும் துருவோடு மல்லுக்கட்டியது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் துருவைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். அதே காற்றில் நிற்கும் தங்கச்சிமடத்துச் சன்ஷேடுக்குக் கிடைத்தது ஒரே ஒரு தடவை அடித்த வெள்ளை.

சன்ஷேடு வெடித்தால் மழைதான் காரணம் என்று வீட்டுக்காரர் சொல்வார். காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைச் சிமெண்டின் காரத்தன்மை ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்கிக் காத்துக்கொண்டிருக்கும். உப்பிலுள்ள குளோரைடு இறங்கிக் கம்பியைத் தொட்டதும் அந்தப் படலம் போய்விடும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். காங்கிரீட் எங்கே நகரும்? வெடிக்கிறது. கடலோரக் கட்டடங்களில் கம்பிக்கு வெளியே 45 மி.மீ. காங்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்கிறது காங்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456. கம்பி போட்ட காங்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. குடிக்கும் தண்ணீரையே தள்ளுவண்டியில் குடம் குடமாக விலைக்கு வாங்கும் ஊர்களில், தளம் போட யார் நல்ல தண்ணீர் வாங்கினார்கள்? பல வீடுகளில் உப்பான போர்வெல் தண்ணீரைத்தான் ஊற்றிக் கலந்தார்கள். கடற்காற்று வந்து சேரும் முன்பே உப்பு உள்ளே குடியேறிவிட்டது.

பெயர்ந்ததைத் தட்டிவிட்டு, துருவின் மேலேயே சிமெண்ட் பால் அடித்து, கலவையை அப்பி, வெள்ளை பூசிவிட்டுப் போவதுதான் இங்கே வழக்கம். அடுத்த வாடைக்கு அது பாளமாகக் கீழே வரும். ஒழுங்கான வேலை என்றால் சுத்தியலால் தட்டிப் பார்த்து, சத்தம் மாறும் இடம் முழுவதையும் எடுக்க வேண்டும். கம்பியின் பின்பக்கம் வரை கொத்தி, கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, துத்தநாக பிரைமர் அடித்து, பாலிமர் கலந்த கலவையால் நிரப்ப வேண்டும். கம்பி இளைத்திருந்தால் பக்கத்தில் புதிது கட்ட வேண்டும். தூண், உத்தரம், பால்கனி என்றால் கட்டடப் பொறியாளர் பார்க்காமல் நீங்கள் தொடவே கூடாது, எவ்வளவு பணம் கொடுத்தாலும்.

இத்தனையும் செய்தாலும் ஒரு வில்லங்கம் மிச்சம் இருக்கிறது. ஒட்டுப் போட்ட இடத்தில் கம்பி பிழைத்துக்கொள்ளும். அதை அடுத்த பழைய காங்கிரீட்டில் உப்பு அப்படியே கிடப்பதால், துரு அங்கே வேகம் பிடிக்கும். சுத்தமாகச் செய்த வேலையிலும் இது நடக்கும். சில ஆண்டுகளில் உங்கள் ஒட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வெடித்ததும் வீட்டுக்காரர் அழைத்து, "தம்பி, நீங்கள் செய்தது போய்விட்டது" என்பார். மின்வேதியியலை அப்போது விளக்கினால் சாக்குப் போலத்தான் கேட்கும். வேலைக்கு முன்பே அளவு, படம், எடுத்த பகுதி, எடுக்காத பகுதி, உத்தரவாதம் எதற்கு உண்டு எதற்கு இல்லை என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் கேட்பார். வவுச்சர் இல்லாமல் ஒரு ரூபாயைக்கூடத் தாண்ட விடாத உங்கள் அலுவலகப் பழக்கத்துக்கு இங்கே இவ்வளவு மதிப்பு.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் பூட்டிய வீடுகள் நிறைய. வீட்டுக்காரர்கள் வளைகுடாவிலோ மலேசியாவிலோ இருப்பார்கள். எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமலே யார் மூலமாவது பணம் அனுப்பிக்கொண்டிருப்பார்கள். ஐப்பசிக்கு முன் மாடித் தண்ணீர்க் குழாயில் அடைந்த சருகை எடுப்பது, தொட்டி மிதவையையும் மோட்டாரையும் ஓட்டிப் பார்ப்பது, சுவரில் ஓதம் ஏறியிருக்கிறதா என்று படம் எடுத்து அனுப்புவது – இதற்கு ஆண்டுக் கட்டணம் கேளுங்கள். கொடுப்பார்கள். பழுது வந்த பிறகு கிடைக்கும் கூலியைவிட இது நிலையான வருமானம். ராமேஸ்வரத்து விடுதிகளையும் பார்க்கலாம், ஆனால் ஆடி, தை அமாவாசைக் கூட்டத்தில் ஒரு டைலைக்கூடக் கழற்ற விட மாட்டார்கள். பில் போட்டால் பணம் வர நாளாகும்.

எட்டு மாதப் பணம் எவ்வளவு தாங்கும் என்பது நீங்கள் எந்த மாதம் தொடங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஐப்பசியில் வந்தால் தொலைபேசி ஓயாமல் அடிக்கும், ஈரத் தளத்தில் எதுவும் ஒட்டாது, கையைப் பிசைந்துகொண்டு நிற்பீர்கள். தையில் வாருங்கள். காய்ந்த மாதங்கள் முழுக்கக் கையில் இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகை நம்பிய வீடுகளில் அப்போது காசு இருக்காது. அந்த இரண்டு மாதத்தில் பாக்கி வசூலுக்குப் போய் நிற்காதீர்கள்.

அதுவரை சென்னையிலேயே கற்கலாம். பெசன்ட் நகரிலும் திருவான்மியூரிலும் வெடிக்கும் சன்ஷேடுகளுக்குக் குறைவில்லை; காங்கிரீட் பழுது பார்க்கும் ஒப்பந்தக்காரர் யாரிடமாவது ஞாயிற்றுக்கிழமைகளில் கூட நில்லுங்கள். மின்வேலையை மட்டும் நீங்களே செய்யாதீர்கள். அதற்கு உரிமம் பெற்ற ஒயர்மேனை வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் பற்றிச் சுருக்கமாக. சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் இலவசம். அதற்குக் காசு கேட்பவர் இடைத்தரகர். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம் இல்லை. வங்கிக் கடனோடு மானியம் தரும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தை 2022இல் திருத்தியபோது, பின்தங்கியவை என்று மத்திய அரசு குறித்த 'முன்னேற விழையும் மாவட்டங்களை'ச் சிறப்புப் பிரிவில் சேர்த்தார்கள். ராமநாதபுரம் அந்தப் பட்டியலில் உண்டு, அதன்படி கிராமப்புறத்தில் மானியம் 35 விழுக்காடு. மாவட்டத் தொழில் மையத்தில் இப்போதைய நிலவரத்தைக் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள். புதுத் தொழிலுக்குத்தான் அந்தக் கடன் என்பதால், கடையைத் திறந்துவிட்டுப் போய் நின்றால் கிடைக்காது. மானியமும் கைக்கு வராது, மூன்று ஆண்டுகள் வங்கியிலேயே வைப்பாகக் கிடக்கும். இதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கைகட்டி நிற்காத வாழ்க்கை என்று எழுதியிருந்தீர்கள். அதற்காக மட்டும் வருவதாக இருந்தால் வராதீர்கள். அலுவலகத்தில் உங்களுக்கு ஒரு மேலாளர். இங்கே மோட்டார் ஓடாத வீடு ஒவ்வொன்றிலும் ஒருவர் இருப்பார், விடிவதற்கு முன்பே அழைப்பார். உங்கள் மனைவியின் "இஷ்டம்" என்ற சொல்லுக்குப் பின்னால் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கலாம். எட்டு மாதத்துக்குப் பிறகு என்ன என்பதை அவரோடு உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். எந்த மாதம் எவ்வளவுக்குக் கீழே போனால் திரும்பவும் வேலை தேடுவது என்பதையும் சேர்த்து.

அம்மாவுக்குப் பதில் சொல்ல உங்கள் அப்பாவால்தான் முடியும். எந்த வீட்டுத் தளத்துக்கு எந்தத் தண்ணீர் கலந்தது, எங்கே கம்பி குறைத்தார்கள் என்பதெல்லாம் அவருக்கு நினைவிருக்கும். ஒரு நாள் முழுக்க உட்கார வைத்துக் கேட்டு, தெரு வாரியாக எழுதிக்கொள்ளுங்கள். உச்சிப்புளியில் வேறு எவரிடமும் அந்த நோட்டு இருக்காது. கட்டிய வீடுகளைப் பற்றி மகன் வந்து கேட்கிறான் என்பதில் அவருக்கும் கொஞ்சம் சந்தோஷம் இருக்கும்.

சொந்தக்காரர்கள் விஷயம். எல்லாருக்கும் பார்வைக் கட்டணம் ஒன்றை வையுங்கள். வேலை கொடுத்தால் பில்லில் கழித்துக்கொள்ளலாம். மாமாவுக்கும் ரசீது எழுதுங்கள். அவருக்குக் குறைக்க மனம் வந்தால் முழுத் தொகையை எழுதி, கீழே தள்ளுபடி என்று தனி வரியில் காட்டுங்கள். "சொந்தக்காரப் பையன், சும்மா செய்து கொடுத்தான்" என்று அவர் வெளியே சொல்ல முடியாது, எவ்வளவு விட்டுக்கொடுத்தீர்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். சாமான் செலவை மட்டும் எவருக்கும் கடன் வைக்காதீர்கள். அதை வேலைக்கு முன்பே வாங்கிவிடுங்கள், சித்தப்பா வீடாக இருந்தாலும்.