உதிர்ந்த பழம் யாருடையது

அன்புள்ள ஐயா,

குடியாத்தம் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் மாந்தோப்பும் அரை ஏக்கர் பாகல் பந்தலும் உண்டு. நைனாதான் பார்த்துக்கொள்கிறார், எனக்குப் பெங்களூரில் வேலை. இந்த முறை நீலத்தில் பாதி புழு. மருந்தும் அடித்தோம், தோப்பிலும் பந்தலிலுமாக எட்டு மெத்தில் யூஜினால் பொறியும் கட்டினோம், பயனில்லை. ட்ரோசோஃபிலா ஈயில் பெண் மட்டும் முட்டையிலேயே செத்துவிடும்படி மரபணுவை மாற்றியிருக்கிறார்களாம். இது வேலூருக்கு எப்போது வரும்? அந்த ஈயைத் தின்னும் குருவிக்கும் நமக்கும் ஆபத்து இல்லையா?

ச., பெங்களூரு

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் சந்தையில் வாங்கிய நீலத்தை நறுக்கினேன். சதைக்குள் வெள்ளைப் புழு துள்ளியது. மூன்று பழம். குப்பைத் தொட்டியில் போட மனம் வராமல் கொல்லையில் இரண்டடிக் குழி தோண்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் எட்டிப் பார்த்து, "நாய் செத்துப்போச்சா சார்?" என்றார். குழி எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

முதலில் திட்டு. ட்ரோசோஃபிலா என்பது அழுகும் வாழைப்பழத்தின்மேல் மொய்க்கும் பொடி ஈ. 1927-இல் முல்லர் என்ற விஞ்ஞானி எக்ஸ் கதிரைப் பாய்ச்சி மரபணுவைப் பிறழவைத்தது அதில்தான். உங்கள் நீலத்தைக் குத்தியது வேறு குடும்பம், நல்ல காயிலேயே ஊசி இறக்கி முட்டையிடும் ஜாதி. அதிலும் மாம்பழத்துக்கு வருவது ஒன்று, பாகலுக்கு வருவது இன்னொன்று. மெத்தில் யூஜினால் வாசனைக்கு மாம்பழ ஈயின் ஆண்தான் வரும், பாகல் ஈ எட்டியும் பார்க்காது. அதற்குக் கியூலூர் என்ற வேறு வாசனை. பந்தலில் தப்பான பொறியைக் கட்டிவிட்டு பயனில்லை என்று எழுதுகிறீர்கள். விரிஞ்சிபுரம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு நடை கேட்டிருக்கலாம். நைனாவைச் சொல்லவில்லை, கையில் போன் வைத்திருக்கும் உங்களைச் சொல்கிறேன்.

நீங்கள் படித்த செய்தி, மத்தியதரைக்கடல் பழ ஈயைப் பற்றியதாக இருக்கும். கதிர் பாய்ச்சி ஆணை மலடாக்கி வெளியே விட்டால் அதோடு சேரும் பெண்ணின் முட்டை பொரிக்காது என்பது பழைய யோசனை. நிப்ளிங் என்ற அமெரிக்கர் மாட்டுப் புண்ணில் வளரும் ஈயை அப்படித்தான் 1954-இல் குராசோ தீவில் ஒழித்துக் காட்டினார். ஆனால் லட்சக்கணக்கில் வளர்க்கும்போது பெண்ணும் கூடவே பிறக்கும். மலடானாலும் பெண் பழத்தைக் குத்தும், விட்ட ஆண்களும் கூட வந்த பெண்களையே சுற்றிக்கொண்டு கிடக்கும். அதற்காக வியன்னா அருகே சைபர்ஸ்டார்ஃபில் ஒரு ரகம் தயாரித்தார்கள். அதன் பெண்ணுக்குச் சூடு தாங்காது. முட்டைகளை 34 டிகிரியில் ஒரு நாள் வைத்தால் பெண்ணெல்லாம் செத்துவிடும். ஆணுக்கு மட்டும் நல்ல மரபணுவின் ஒரு பிரதி ஆணுக்கே உரிய ஒய் குரோமோசோமோடு ஒட்டியிருப்பதால் பிழைத்துக்கொள்ளும். அதே ரகத்தில் பெண்ணின் கூட்டுப்புழு வெள்ளை, ஆணுடையது பழுப்பு. அந்த வெள்ளைக்குக் காரணமான மரபணு எது என்று 2021-இல் கண்டுபிடித்தார்கள். நம் மாம்பழ ஈயிலும் பாகல் ஈயிலும் வெள்ளைக் கூட்டுப்புழுவுக்குக் காரணம் அதே மரபணுதான் என்றும் தெரிந்தது. கடிதத்தில் உருப்படியான செய்தி வேண்டுமென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆபத்தா என்றால், இந்த ரகத்தில் வேற்று உயிரின் மரபணு எதையும் செருகவில்லை. கதிர் பட்ட ஆணுக்கு வாரிசும் இல்லை. குருவி தாராளமாகத் தின்னட்டும்.

எனக்குச் சுருக்கென்று பட்டது "எப்போது வரும்" என்ற சொல்தான். மழையா வருவதற்கு? ஜப்பானின் ஒகினாவாவில் பாகல் ஈயை ஒழிக்க 1972-இல் குமே என்ற சிறு தீவில் தொடங்கினார்கள். முதலில் பொறியும் மருந்தும் வைத்து ஈயைக் குறைத்து, அப்புறம் மலட்டு ஈயை விட்டார்கள். தீவு தீவாக முடிக்க 1993 ஆகிவிட்டது. விட்ட ஈ 5,000 கோடிக்கும் மேல். அதுவரை அந்தத் தீவுகளின் பாகற்காயை ஜப்பானின் மற்ற பகுதிகளுக்கு அனுப்பத் தடை. அங்கே வேலி கடல். உங்கள் மூன்று ஏக்கருக்கு? ஏற்கெனவே கூடிச் சூல்கொண்ட பெண் ஈ பக்கத்துத் தோப்பிலிருந்து பறந்து வந்தால், நீங்கள் ஆயிரம் மலட்டு ஆணை விட்டும் அதை ஒன்றும் செய்ய முடியாது. பொறியும் அப்படித்தான், ஆணை மட்டுமே பிடிக்கும்.

ஒடுகத்தூர் பக்கம் எங்கள் தாத்தாவுக்கும் அவர் தம்பிக்கும் பாகம் பிரிந்தபோது தோப்பு நடுவே கத்தாழை வேலி விழுந்தது. கிணற்றுப் பங்கில் வழக்கு வேறு. தாத்தா விடியுமுன் எங்களை எழுப்பி உதிர்ந்த பழத்தையெல்லாம் பொறுக்கவைத்து ஆழக் குழியில் மூடுவார். "இன்னாடா பாத்துகினு நிக்கிற? புழு மண்ணுக்குள்ள பூந்துச்சின்னா றெக்கை மொளச்சிதான் வரும்." கூட்டுப்புழு என்ற சொல் அவருக்குத் தெரியாது. சின்ன தாத்தா பக்கம் பழம் விழுந்த இடத்திலேயே அழுகும். எங்கள் நீலம் ஆண்டுதோறும் புழுத்தது.

அந்த 1972-ஆம் ஆண்டு ஆடியில் ஒரு நாள் தாத்தா கூடையோடு வேலி தாண்டினார். இந்தப் பக்கம் நின்று கூடையை வாங்கிக்கொள்ள எனக்குப் பத்து வயது. மூன்றாவது கூடையில் பிடிபட்டோம். "மாங்கா திருடன்" என்று தெருவே கேட்கக் கத்தினார் சின்ன தாத்தா. மறுநாள் புளியமரத்தடியில் கூடையைக் கவிழ்த்தார்கள். புழு நெளிந்தது, ஊர் சிரித்தது. சின்ன தாத்தா மட்டும் சிரிக்கவில்லை. "அழுவுனாலும் அது என் பழம்" என்றார். பஞ்சாயத்து அதையே நியாயம் என்றது. ஐந்து ரூபாய் அபராதம். தாத்தா இடுப்பு மடியை அவிழ்த்துக் கொடுத்தார். திரும்பி வரும்போது என் கையை வழக்கத்தைவிட இறுக்கிப் பிடித்திருந்தார்.

அப்புறம் அவர் வேலி தாண்டவில்லை. தம்பிதான் இறங்கி வந்து கேட்கவேண்டும் என்று காத்திருந்தார். இருவரும் அடுத்தடுத்த ஆண்டுகளில் போய்ச் சேர்ந்தார்கள். தோப்பு இப்போது வீட்டு மனை.

உங்கள் கடிதத்தில் மருந்தும் பொறியின் எண்ணிக்கையும் இருக்கிறதே தவிர, பக்கத்துத் தோப்பு யாருடையது, அவரோடு நைனா பேசுவாரா என்று ஒரு வரி இல்லை. அதை எழுதுங்கள்.