கரடிக்கு எந்தத் தோட்டா? பெங்களூரு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பணி நிமித்தமாக அலாஸ்கா செல்கிறேன். கரடியிடமிருந்து தற்காத்துக்கொள்ள .338 வின்செஸ்டர் மேக்னம் என்ற ரைஃபிள் தோட்டாதான் வேண்டும் என்கிறார் அங்குள்ள நண்பர். அதைவிட வலிமை குறைந்த .30-06 தோட்டா போதாதா? (வைட்ஃபீல்டு வாசகர்)

பதில்: தோட்டாவின் பெயரைவிட, அதிலிருந்து புறப்படும் குண்டின் எடையையும் கட்டமைப்பையுமே முதலில் பார்க்க வேண்டும். பழுப்புக் கரடி நேருக்கு நேர் பாய்ந்து வரும்போது, தடித்த தோலையும் தசையையும் எலும்பையும் ஊடுருவி மூளையையோ தண்டுவடத்தையோ எட்டும் குண்டுதான் அதை உடனே நிறுத்தும். மான் வேட்டைக்கான, பட்டவுடன் விரிந்து சிதறும் இலகுவான குண்டு அவ்வளவு ஆழம் போகாது. 1906-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட .30-06-இல், 200 அல்லது 220 கிரெய்ன் (ஒரு கிரெய்ன் சுமார் 0.065 கிராம்) எடையுள்ள, சிதறாமல் ஊடுருவும் குண்டை இட்டால் போதும் என்பது என் உறுதியான கருத்து. 250 கிரெய்ன் குண்டைச் செலுத்தும் .338-உம், 300 கிரெய்ன் குண்டைச் செலுத்தும் .375 எச் அண்ட் எச் மேக்னமும் வலிமை மிக்கவை என்பதில் ஐயமில்லை. ஆனால் சுடும்போது துப்பாக்கி தோளில் இடிக்கும் பின்னுதைப்பும் அவற்றில் கடுமையானது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கரடி 40 மீட்டரை மூன்றே விநாடிகளில் கடந்துவிடும். அதற்குள் பதற்றமின்றி இரண்டாம் முறை சுட உங்களால் முடியுமா என்பதே தேர்வைத் தீர்மானிக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லத்தக்க வேட்டை உரிமம் பெற்றிருப்பது விதிவிலக்குகளுள் ஒன்று. நண்பரின் துப்பாக்கியைக் கையில் வாங்கும் முன்பே அங்குள்ள வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: சுட்டுப் பழகாதவருக்கு மாற்று வழி உண்டா? (அல்சூர் வாசகி)

பதில்: உண்டு. கரடிகளுக்கென்றே தயாரிக்கப்படும் மிளகாய்க் காரத் தெளிப்பானையே பயிற்சியில்லாத எவருக்கும் நான் பரிந்துரைப்பேன். விமானத்தில் கொண்டுசெல்ல அனுமதியில்லாததால் அங்கேயே வாங்கி, பைக்குள் அல்லாமல் இடுப்பில் மாட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: தற்காப்பில் கரடியைக் கொன்றால் அதன் நகங்களை வைத்துக்கொள்ளலாமா? (வைட்ஃபீல்டு வாசகர்)

பதில்: கூடாது. அலாஸ்காவில் நகங்களோடு கூடிய தோலையும் மண்டையோட்டையும் மாநில அரசிடம் ஒப்படைக்க வேண்டும்.

கேள்வி: கனகபுரா அருகே எங்கள் தோட்டத்துக்குக் கரடி வருகிறது. அப்பாவின் பெயரில் உரிமம் பெற்ற .315 ரைஃபிள் இருக்கிறது. அதற்கு எந்தக் குண்டு பொருந்தும்? (ஜெயநகர் வாசகர்)

பதில்: அந்தத் துப்பாக்கியை இதற்கு எடுக்கவே வேண்டாம். உங்கள் பகுதியில் நடமாடும் தேன்கரடி, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. உயிரைக் காக்க நல்லெண்ணத்தோடு தாக்குவது குற்றமாகாது என்று பிரிவு 11 கூறினாலும், பயிரைக் காக்கவோ, தேடிச் சென்றோ சுடுவதை அது காப்பாற்றாது. தவிர, தேன்கரடி பெரும்பாலும் புதருக்குள் எதிர்பாராமல் மனிதரைச் சந்திக்கும் நொடியிலேயே தாக்குகிறது. தோளில் இருக்கும் துப்பாக்கியை எடுக்கவே அவகாசம் கிடைக்காது. கரடி நடமாடும் தடத்தை வனத்துறைக்குத் தெரிவியுங்கள். வீட்டைச் சுற்றியுள்ள உண்ணிச்செடிப் புதர்களை அகற்றுங்கள். விடியலிலும் இருட்டிலும் தோட்டத்தில் தனியே நடக்காமல், விளக்கோடும் பேச்சுக்குரலோடும் இருவராகச் செல்லுங்கள்.