கீழ்க்காலில் வைத்த ராடின் ஸ்க்ரூ உடைந்துவிட்டது. மட்டமான ராடா?

7 மாதத்துக்கு முன் கீழ்க்கால் எலும்பு முறிவுக்கு ராடு (எலும்பின் உட்குழிக்குள் செலுத்தும் உலோகக் கம்பி) வைத்தவர், கணுக்காலுக்கு மேலே உள்ள ஸ்க்ரூ எக்ஸ்ரேயில் உடைந்து தெரிகிறது என்கிறார்.

ராடு மட்டமாக இருக்க வாய்ப்பு குறைவு. முதலில் பார்க்க வேண்டியது எலும்பு கூடிவிட்டதா என்பதைத்தான். ராடு, பிளேட், ஸ்க்ரூ எதுவும் காலமெல்லாம் உடல் எடையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல; எலும்பு கூடும்வரை பிடித்துக்கொள்ளத்தான். கூடத் தாமதமானால், கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கினால் ஒடிவதுபோல, நடந்து நடந்தே உலோகம் ஒடியும். ஸ்டீலும் ஒடியும், டைட்டானியமும் ஒடியும். ராடு வைத்த காலில் முதலில் போவது பெரும்பாலும் கீழ்ப்பக்க லாக்கிங் ஸ்க்ரூ, அதாவது ராடை எலும்போடு பூட்டும் ஸ்க்ரூ. பிளேட் என்றால், முறிவுக்கு நேரே ஸ்க்ரூ போடாமல் விட்ட துளையில் உடையும்.

வேடிக்கை என்னவென்றால், ஸ்க்ரூ உடைந்த பிறகு எலும்பு முனைகள் நெருங்கி, அதனாலேயே கூடிவிடுவதும் உண்டு. நேராகவும் பக்கவாட்டிலும் எடுத்த எக்ஸ்ரேக்களில் தெரியும் எலும்பின் 4 ஓரங்களில் 3-லாவது எலும்பு பாலம் கட்டியிருந்து, ஊன்றி நடக்கும்போது வலியும் இல்லையென்றால், உடைந்த துண்டை அப்படியே விட்டுவிடலாம்.

ஊன்றினால் முறிந்த இடத்திலேயே வலிக்கிறதா? அப்போது ஏன் கூடவில்லை என்று தேட வேண்டும். பீடி, சிகரெட், கட்டுப்படாத சர்க்கரை, முனைகளுக்கு நடுவே விட்டுப்போன இடைவெளி, எலும்பின் உட்குழிக்குத் தளர்வான மெல்லிய ராடு. இதையெல்லாம்விட முதலில் சந்தேகப்பட வேண்டியது கிருமித் தொற்று, அதுவும் எலும்பு வெளியே வந்த முறிவு என்றால். காய்ச்சலோ சீழோ இல்லாமலும் இருக்கும். கிருமிகள் உலோகத்தின்மேல் பிசுபிசுப்பான படலம் கட்டி ஒளிந்துகொள்வதால், ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிடும்வரை அடங்கி, நிறுத்தியதும் கிளம்பும். சிஆர்பி, ஈஎஸ்ஆர் என்ற ரத்தப் பரிசோதனைகளைப் பார்க்க வேண்டும். ஆனால் அவை நார்மல் என்பதற்காகத் தொற்றே இல்லை என்று சொல்லிவிட முடியாது. புண் வாயில் பஞ்சால் தொட்டெடுத்த சீழை மட்டும் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்புவது வீண். பெரும்பாலும் தோலில் உள்ள கிருமிதான் அதில் வளரும். ஆபரேஷனில் ஆழத்திலிருந்து 5 இடங்களில் திசு எடுக்க வேண்டும். அவசரம் இல்லையென்றால் அதற்கு 2 வாரம் முன்பே, டாக்டர் சொல்லி, ஆன்டிபயாடிக்கை நிறுத்தியிருக்க வேண்டும்.

தொற்று இல்லை, பெரிய இடைவெளியும் இல்லை என்றால், பழைய ராடை உருவி, உட்குழியைக் கடைந்து அகலமாக்கி, 1 முதல் 2 மில்லிமீட்டர் தடிமன் கூடிய ராடு போடுவதுதான் வழக்கமான வழி. இடைவெளி பெரிதென்றால் இடுப்பெலும்பிலிருந்து எலும்பு எடுத்து வைக்க வேண்டிவரும். ராடை மாற்றாமல் உடைந்த ஸ்க்ரூவை மட்டும் எடுப்பதால் எலும்பு கூடிவிடாது.

ராடு வைத்த காலில் முழங்காலின் முன்பக்க வலி சகஜம். அதற்கும் இந்த ஸ்க்ரூவுக்கும் சம்பந்தமில்லை. கெண்டைச் சதை திடீரென வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ரத்தக்கட்டியாக இருக்கலாம்.

இன்னொன்று: ஆபரேஷன் ஃபைலில் ராடின் கம்பெனி, சைஸ் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அதன் நகலைக் கையோடு கொண்டுபோங்கள். ஒரு கம்பெனி ராடின் மரையில் இன்னொரு கம்பெனியின் உருவும் கருவி பல நேரம் பொருந்தாது. அது தெரியாமல் ஆரம்பித்தால் தியேட்டரில் மணிக்கணக்கில் இழுக்கும்.